நாற்பதாவது தாள்

பிப்ரவரி 1, வியாழன்

விடுதியில் காலையில் தண்ணீர் வரவில்லை. இரண்டு வாளியில் குளித்து, அதிலேயே துணியையும் அலசிப் போட்டுக் கல்லூரிக்குப் போகும்போது பத்தேகால்.

பேராசிரியர் சற்குணம் இந்த வருட நாடகத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார். கவனம், புலனறிவு, நினைவு ஆகியவற்றில்தான் அவருடைய இருபத்திரண்டு வருட ஆராய்ச்சி. வருடத்துக்கு ஒரு தடவை முதுகலை முதலாண்டு வகுப்பில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சண்டை நடக்கும். யாரோ உள்ளே நுழைந்து கத்துவான், பையைப் பறிப்பான். ஒரு வருடம் பொம்மைத் துப்பாக்கியோடு வந்தான். அவன் போனதும் மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல், பார்த்ததைத் தாளில் எழுத வேண்டும். நான் மாணவியாக இருந்தபோது வந்தவனுக்கு மீசை இருந்ததாக எழுதினேன். அவனுக்கு மீசை இல்லை. இல்லாத அந்த மீசைதான் என்னை இந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்கு உட்கார வைத்தது.

இந்த வருடம் நாடகத்தின் தேதி எனக்கும் தெரியக் கூடாது என்கிறார். தெரிந்தால் ஆள் வருவதற்கு முன்பே என் விரல் நேரம் குறிக்கும் ஸ்டாப்வாட்ச் பொத்தானுக்குப் போய்விடுகிறதாம். ஆகவே அவருடைய ஒவ்வொரு வகுப்பிலும் நான் பின்மூலையில் அந்தக் கடிகாரத்தோடும் தாள்களோடும் நிற்க வேண்டும். போன வருடம் ஒரு பையன் எழுந்து போய் நடிகனைக் கட்டிப் பிடித்து முழங்கையைப் பிசகவைத்துவிட்டான். அந்த வருடத் தரவு வீண். இந்தத் தடவை யாராவது எழுந்தால் உட்காரச் சொல்லிக் கைகாட்ட வேண்டியது என் பொறுப்பு.

மே மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். நான்காம் அத்தியாயம் இன்னும் பாதியில் நிற்கிறது.

பிப்ரவரி 5, திங்கள்

வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். நாடகம் எந்த நாள் என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள். தோற்றவர் மற்றவர்களுக்கெல்லாம் பரோட்டா வாங்கித் தர வேண்டுமாம்.

நகல் எடுக்கப் போன இடத்தில் ஜெசிந்தா நின்றிருந்தாள். தூத்துக்குடிப் பெண். வகுப்பில் அதிகம் கேள்வி கேட்பவள். டிசம்பரில் முடிந்திருந்த நிச்சயதார்த்தத்தை அவளே போன வாரம் முறித்துவிட்டதாகச் சொன்னாள். மாப்பிள்ளை ரூபன் படகு என்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பு வேண்டாம் என்றிருக்கிறான்.

"மோதிரத்தக் கழத்தி அவன் கையிலயே குடுத்துட்டேன்க்கா. என்ன சொன்னான் தெரியுமா? படிச்ச கைல்லா, அதான் கழத்துதுன்னான்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கடைசி வரிசையில் தனியாக உட்காரும் மாசானமுத்து அப்போது வந்தான். களக்காட்டுப் பக்கத்துப் பையன், அவன் வீட்டில் முதல் பட்டதாரி. நாடகத்தில் வருகிற ஆளைப் பிடித்துவிட்டால் மதிப்பெண் குறையுமா என்று என்னிடம் கேட்டான். மொதல்ல நீ எந்திரிச்சு நில்லுல, பொறவு பிடிக்கலாம் என்றாள் ஜெசிந்தா.

பிப்ரவரி 6, செவ்வாய்

நாற்பத்தேழு விநாடி.

பிப்ரவரி 7, புதன்

நேற்று வகுப்பில் ஜெசிந்தாவை ஒருவன் அரிவாளால் வெட்டினான். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு நாள் ஆகியிருக்கிறது.

மணி பதினொன்று நாற்பது. முகத்தில் கைக்குட்டை கட்டியவன் முன்வாசல் வழியாக வந்தான். வகுப்பு முழுக்க ஒரு சந்தோஷம் பரவியது. வந்துட்டான், வந்துட்டான் என்று யாரோ கிசுகிசுத்தார்கள். நான் பொத்தானை அமுக்கினேன். அவன் பேராசிரியரைத் தாண்டி, சன்னலோரப் பாதையில் நான்காம் வரிசை வரை நடந்து போய், முதுகுப்பக்கச் சட்டைக்குள்ளிருந்து அரிவாளை உருவினான். அந்த வரிசையின் ஓரத்தில் ஜெசிந்தா. முகத்தை மறைக்கத் தூக்கிய வலது கையில் முதல் வெட்டு விழுந்தது. விரலிடுக்கில் பேனா இருந்தது. பேனாவும் விரலும் சேர்ந்தே போயின. ரத்தம் பக்கத்துப் பெண்ணின் நோட்டில் தெறித்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்து, கலர் நல்லா செஞ்சிருக்காங்க என்றாளாம். இதை அவளே நேற்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வெட்டு கழுத்தும் தோளும் சேரும் இடத்தில். மூன்றாவது, அவள் பெஞ்சுக்கடியில் சரியும்போது முதுகில். அம்மா என்று அவள் அலறியதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். அவன் வந்த வழியே வெளியேறியதும் முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள்.

பிறகுதான் வாடை வந்தது. கறிக்கடை வாசலில் வருகிற வாடை.

நான் பின்மூலையில் நின்றேன். செய்ய வேண்டியதைச் செய்தேன். முதல் வெட்டு பதினான்காம் விநாடி, இரண்டாவது இருபத்தைந்து, மூன்றாவது இருபத்தொன்பது, வெளியேறியது நாற்பத்தேழு. என் விரல் ஒவ்வொரு தடவையும் பொத்தானை அமுக்கியிருக்கிறது.

அவளைத் துப்பட்டாவில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிப் போன பிறகு, போலீஸ் வரும்வரை யாரையும் வெளியே விடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நான் தாள்களை விநியோகித்தேன். பேசாமல் எழுதுங்கள் என்றேன். ரத்தத்தில் செருப்பு வழுக்கியது. நாற்பது பேர் எழுதினார்கள்.

பிப்ரவரி 9, வெள்ளி

அரசு ஆஸ்பத்திரி. ஜெசிந்தாவுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. மூன்று விரல்கள் போய்விட்டன. கழுத்துக் காயம் இன்னும் அரை அங்குலம் ஆழமாக இறங்கியிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார்கள்.

பேராசிரியர் ஆரஞ்சுப் பையோடு வந்தார். ஜெசிந்தாவின் அம்மா எழுந்து அவர் சட்டையைப் பிடித்தார். "ஏ வாத்தியாரே, எம்புள்ள வெட்டுப்பட்டுக் கெடக்கும்போது நீரு என்ன செஞ்சீரு? கூத்து பாத்தீராக்கும்?" அவர் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் அறை விழுந்தது. கண்ணாடி உடைந்து புருவத்தில் ரத்தம். அந்த அம்மா ஓங்கிய கையை இறக்கவில்லை. இன்னொன்றும் விழுந்தது. பிடித்து விலக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. நான் குனிந்து ஆரஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ரூபனைப் பிடித்துவிட்டார்கள். அன்று முழுக்கத் தூத்துக்குடிப் பட்டறையில் இருந்ததாகச் சொல்கிறான். அவனுடைய கைப்பேசியும் அங்கேதான் இருந்திருக்கிறது. அரிவாள் கிடைக்கவில்லை. வராந்தாக் கேமராவில் தெரிவது கைக்குட்டை கட்டிய ஒருவன், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் பேச்சியம்மாளிடம் தாள்களையும் கடிகாரத்தையும் ஒப்படைத்தேன். முப்பத்தொன்பது தாள்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 12, திங்கள்

கல்லூரி வாசலில் இளநீர் சீவுகிறவர் அரிவாளை ஓங்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். சத்தத்துக்கு என்ன செய்வது.

தாள்களின் நகல் துறையில் இருக்கிறது. பேராசிரியர் அட்டவணை போடச் சொன்னார். முப்பத்தொரு பேர் அரிவாளை எழுதியிருக்கிறார்கள். அதன் வளைவு, பிடியில் சுற்றிய சிவப்புக் கயிறு, நுனியில் இருந்த துரு வரை விவரம் இருக்கிறது. ஒருவர்கூட முகத்தை எழுதவில்லை. ஆயுதம் இருக்கும் இடத்தில் பார்வை ஆயுதத்தை விட்டு நகராது என்பதை நானே மூன்றாம் அத்தியாயத்தில் இருபது பக்கம் எழுதியிருக்கிறேன்.

முதல் வெட்டு விழுந்ததுமே, தான் "நிறுத்துடா" என்று கத்தியதாகப் பேராசிரியர் சொல்கிறார். கல்லூரி விசாரணைக் குழுவிடமும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்தத் தாளிலும் அது இல்லை. பேராசிரியர் சாக்பீஸோடு நின்றார் என்று பதினேழு தாள்களில் இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. கத்திய ஞாபகம் அவருக்கு உண்மையாகவே இருக்கிறது. கண்ணில் அது தெரிகிறது.

பிப்ரவரி 17, சனி

சிறையில் நேற்று அடையாள அணிவகுப்பு நடந்தது. மாஜிஸ்திரேட் முன்னால், ஒரே மாதிரி இருந்த பத்து ஆட்களில் வெட்டியவனைக் காட்டச் சொன்னார்கள். போன ஆறு மாணவர்களில் ஐந்து பேர் கையை விரித்துவிட்டார்கள். மாசானமுத்து மட்டும் நேரே நடந்துபோய் ரூபன் தோளைத் தொட்டிருக்கிறான்.

இன்ஸ்பெக்டர் இன்று துறைக்கு வந்தார். மாசானம் சொன்னது இது. முதல் வெட்டு விழுந்ததும் ஜெசிந்தா இடது கையால் அவன் கைக்குட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த நேரம் மாசானம் எழுந்து பாதைக்கு வந்துவிட்டான். வகுப்பில் அசைந்த ஒரே ஆள் அவன் என்பதால் வெட்டியவன் திரும்பி அவனைப் பார்த்தான். கைக்குட்டை தாடைக்கு இறங்கியிருந்தது. கீழுதட்டுக்கடியில் தையல் தழும்பு, மேல்பல் ஒன்று பாதி உடைந்தது. உடனே அவன் கைக்குட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

ரூபனின் படம் அணிவகுப்புக்கு முன்பே பத்திரிகையில் வந்துவிட்டதே என்கிறார்கள் அவன் தரப்பில். பத்திரிகைப் படத்தில் ரூபன் வாயை மூடியிருக்கிறான். பல்லை அணிவகுப்பில் நிற்கும்போது பார்த்திருப்பான் என்கிறார்கள்.

"அந்தப் பையன் அன்னைக்கே தாள்ல எழுதிக் குடுத்தேங்கான். இதுல அவன் ரோல் நம்பர் போட்ட தாள் இல்லையே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அவரிடம் நான் கொடுத்த கட்டில் அது இல்லை என்றேன். எழுதாமல் விட்டவர்களும் இருக்கலாம் என்றேன். இரண்டு வாக்கியங்களும், தனித்தனியாகப் பார்த்தால், பொய் இல்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

மாசானத்தைப் பேராசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் இருந்தேன். கோபமே இல்லாமல், அன்பாகத்தான் பேசினார். முப்பத்தொன்பது பேரில் ஒருவர்கூட யாரும் எழுந்ததாக எழுதவில்லை என்பதைக் காட்டினார். கோரமான ஒன்றைப் பார்த்தவர்களுக்கு, தாங்கள் ஏதோ செய்ததாகப் பிற்பாடு ஒரு ஞாபகம் வருவது இயற்கை என்றார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அந்த ஞாபகத்தை வைத்து ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது என்றார். இன்ஸ்பெக்டரிடமும் ரூபனின் வக்கீலிடமும் இதையே சொல்லியிருக்கிறாராம்.

மாசானம் என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க எனக்கு நேரே நின்னீங்க. நான் எந்திரிச்சேன்லா?"

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்றேன்.

அவன் சரி என்று தலையாட்டினான். வராந்தாவில் கொஞ்ச தூரம் போனபின் அறிவிப்புப் பலகையின் கண்ணாடியில் குத்தினான். நாலைந்து தடவை, கண்ணாடி முழுக்கக் கொட்டிய பிறகும், வெறும் மரத்தில் குத்தினான். எலும்பு மரத்தில் மோதும் சத்தம் அறைக்குள் கேட்டது. பார்த்தாயா, எவ்வளவு குற்ற உணர்ச்சி என்றார் பேராசிரியர்.

பிப்ரவரி 21, புதன்

துணி துவைத்தேன். செருப்பின் அடியில் இருந்த கறையைப் பல்துலக்கியால் தேய்த்தேன். அட்டவணை ஆறு முடிந்தது.

பிப்ரவரி 24, சனி

ஜெசிந்தாவுக்கு நினைவு திரும்பிவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் அவளிடம் இல்லை. திங்கள் சாயங்காலம் நகல் எடுத்தது வரை இருக்கிறது, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி மின்விசிறி. அவனாகத்தான் இருக்கும் என்கிறாள். பார்த்தாயா என்றால் தெரியாது என்கிறாள்.

ரூபனின் ஜாமீன் மனு மார்ச் ஐந்தாம் தேதி விசாரணைக்கு வருகிறது. வெளியே வந்தால் மீதியையும் முடித்துவிட்டுத்தான் போவேன் என்று உள்ளே சொல்லிக்கொண்டிருக்கிறானாம். வார்டு வாசலில் ஒரே ஒரு பெண் காவலர், பிளாஸ்டிக் நாற்காலியில்.

பிப்ரவரி 26, திங்கள்

மாசானத்தைப் பேருந்து நிலையத்தில் அடித்துவிட்டார்கள். மத்தியானம், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், மூன்று பேர். பொய்ச்சாட்சி சொல்லுதியால, எந்திரிச்சு நின்னியால, இப்ப எந்திரில பாப்போம் என்று சொல்லிச் சொல்லி உதைத்திருக்கிறார்கள். தாடை எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. இரண்டு பல் இல்லை. ஒரு கண் திறக்க முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் கைப்பேசியில் படம் எடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு படம் எனக்கும் வந்தது. அவன் எழுந்திருக்க முயலவே இல்லை. தலையை மூடிக்கொண்டு கிடக்கிறான்.

போய்ப் பார்த்தேன். பேச முடியாமல் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினான். "அவங்க சொல்றதும் சரிதானோ அக்கா. நான் உட்கார்ந்துதான் இருந்தேனோ."

இந்த நோட்டில் இருபது நாளாக ஒரு விஷயத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன். இங்கே வேறு யாரும் படிக்கப்போவதில்லை. இருந்தும் எழுதவில்லை.

அவன் எழுந்தான். முதல் வெட்டு விழுந்ததும் பெஞ்சிலிருந்து எழுந்து சன்னலோரப் பாதையில் இரண்டு எட்டு வைத்தான். நான் அவனைப் பார்த்து, கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையைக் கீழே இறக்கினேன். உட்கார். அவன் திரும்பி என்னைப் பார்த்தான், ஜெசிந்தாவைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். நான் இன்னொரு தடவை காட்டினேன். அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகுதான் இரண்டாவது வெட்டு. வெட்டியவனின் முகத்தை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் மாசானத்தை உட்கார வைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதாவது தாள் என் அலமாரியில், ஒரு தடித்த புத்தகத்துக்குள் இருக்கிறது. அறையின் வரைபடத்தில் தான் நின்ற இடத்தில் பெருக்கல் குறி போட்டிருக்கிறான். தழும்பையும் உடைந்த பல்லையும் எழுதியிருக்கிறான். கடைசி வரி: "கோமதி அக்கா கை காட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன்."

அன்று தாள்களை எண்ணும்போது அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. உருவி எடுத்து மடித்தபோது நான் எதுவும் யோசிக்கவில்லை. மடிப்பு மட்டும் நேராக இருக்கிறது.

பிப்ரவரி 28, புதன்

பேராசிரியரிடம் சொன்னேன். புருவத்தில் தையல் போட்ட இடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

முழுவதும் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். "இங்க பாரும்மா. நீயும் இருபது நாளா தூங்கல. அவன் திரும்பத் திரும்பச் சொன்னதக் கேட்டுக் கேட்டு உனக்கும் ஒரு படம் உருவாகியிருக்கு. இது எப்படி நடக்கும்னு உனக்குத் தெரியாததா?"

ஒரு கணம், சத்தியமாக, அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது. அப்படியே தலையாட்டிவிட்டு அட்டவணை ஏழுக்குப் போயிருக்கலாம்.

தாளின் நகலை மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். எழுந்தால் கைகாட்டச் சொன்னது நீங்கள்தான் என்றேன். அப்படிச் சொன்ன ஞாபகமே தனக்கு இல்லை என்றார். அறைக்கு வந்து பிப்ரவரி ஒன்றாம் தேதிப் பக்கத்தைப் பார்த்தேன். சொல்லியிருக்கிறார். ஆனால் என் கையை அவர் தூக்கவில்லை.

நான் கிளம்பும்போது அவர் தாளை இன்னும் கீழே வைக்கவில்லை. "இதுல நான் கத்தினேன்னு எழுதியிருக்கானா?"

இல்லை சார் என்றேன்.

"நாப்பதுலயும் இல்ல."

இல்லை சார்.

அந்த நேரம் அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அந்த அம்மாவைப் போல, கண்ணாடி உடையும்படி. அதே கையால் என்னையும்.

மார்ச் 1, வெள்ளி

காலை எட்டரைக்குக் காவல் நிலையம். தாளைக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் படித்து முடிக்கும்வரை நின்றேன்.

"எத்தன நாளு இத வச்சிருந்தீங்க?"

இருபத்து நான்கு என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறுக்கியெடுத்த வார்த்தைகளில், என் படிப்பையும் என்னைப் பெற்றவர்களையும் சேர்த்துப் பேசினார். அந்தப் பையன் வாயிலிருந்து விழுந்த இரண்டு பல்லையும் கொண்டுவந்து என் மேஜையில் வைக்க வேண்டும் என்றார். ஆதாரத்தை மறைத்ததற்கு என் மேல் தனி வழக்கு வரும் என்றும் சொன்னார். பிறகு கடிகாரக் கணக்கை எடுத்தார். முதல் வெட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவே பதினொரு விநாடி அவன் ஏன் சும்மா நின்றான் என்பது முதல் நாளிலிருந்து தனக்குப் புரியவில்லை என்றார்.

"மாசானம் வாரானான்னு பாத்துட்டு நின்னுருக்கான்," என்றார். "உக்காந்ததும் வேலையப் பாத்துருக்கான்."

மத்தியானம் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம். எப்படிக் கை காட்டினீர்கள், காட்டுங்கள் என்றார். காட்டினேன். எழுத்தர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்.

மார்ச் 2, சனி

வகுப்பறையில் போலீஸ் அளவெடுப்பு. தரையைக் கழுவியிருக்கிறார்கள். நான்காம் வரிசை பெஞ்சின் மரத்தில் அரிவாள் இறங்கிய வெட்டு அப்படியே இருக்கிறது, அதற்குள் கறுப்பு.

மாசானத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். தாடையில் கட்டு. ஏட்டு ஒருவர் வெட்டியவன் இடத்தில் நின்றார். கடைசி வரிசையிலிருந்து அவரிடம் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று பார்த்தார்கள். நடந்தால் நான்கு விநாடி.

மாசானம் மறுபடி கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தான். யாரும் சொல்லாமல் எழுந்து ஓடினான். ஏட்டின் இடுப்பில் மோதி, இருவரும் பெஞ்சுகளுக்கு நடுவே விழுந்தார்கள். ஏட்டின் கழுத்தைப் பிடித்த கையை அவன் விடவில்லை. அவருக்கு முழி பிதுங்கியது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள். கட்டுப் போட்ட வாய்க்குள்ளிருந்து அவன் எழுப்பிய சத்தத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அவன் வெளியே போகும்போது நான் வாசலில் நின்றேன். அவனிடம் சொல்ல மூன்று நாளாக வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். பல்லில்லாத வாயால், கட்டுக்குள்ளிருந்து, மெதுவாகச் சொன்னான். "நான் பைத்தியம் இல்லக்கா."

இல்லை என்றேன்.

"அத ஒங்களால முன்னமே சொல்லியிருக்க முடியும்."

என் முகத்துக்கு நேரே அவன் கை ஓங்கியது. நான் விலகவில்லை. அவன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் தொடையிலேயே அறைந்துகொண்டு ஜீப்பில் ஏறினான்.

மார்ச் 5, செவ்வாய்

ஜாமீன் தள்ளுபடி. அன்றைக்கே எழுதப்பட்ட தாள், உடைந்த பல், பதினொரு விநாடி மூன்றையும் நீதிபதி குறிப்பிட்டாராம். போலீஸ் நீதிமன்றத்திலிருந்து கூட்டிவரும்போது ரூபன் வாசலில் நின்ற என்னைத் தேடிப் பார்த்து, கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே இறக்கிக் காட்டிச் சிரித்தான். அன்று அவனும் அதைப் பார்த்திருக்கிறான்.

துறையிலிருந்து கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை என் ஆய்வு நிறுத்தி வைக்கப்படுகிறது. பேராசிரியர் நீண்ட விடுப்பில் போய்விட்டார். போவதற்கு முன், தான் கத்தியதாக எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஜெசிந்தா என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினாள்.

அவளுடைய அம்மா வாசலிலேயே என் தோளைப் பிடித்துச் சுவரில் தள்ளினார். தலை இடித்தது. உள்ளேயிருந்து ஜெசிந்தா, விடும்மா என்றாள். அந்தக் குரல் அவளுடையது இல்லை. காற்று மட்டும் வருகிறது. வலது கை துணிப் பந்து போலத் தலையணையில் கிடந்தது.

என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றேன்.

எல்லோரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள், எதுவும் தன்னுடையதாக ஒட்டவில்லை என்றாள். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கண் கொண்டு பார்த்ததும் நேரம் குறித்ததும் நான்தானே என்றாள்.

"இனி நீங்க சொல்லுததுதான் எனக்கு ஞாபகமா இருக்கப் போவுது. அதனால சரியாச் சொல்லுங்கக்கா. ஒண்ணும் விடாம."

சொன்னேன். வந்துட்டான் என்று வகுப்பு சந்தோஷப்பட்டதைச் சொன்னேன். பேனாவைச் சொன்னேன். நோட்டில் தெறித்ததைத் தொட்ட பெண் சொன்னதையும், ஜெசிந்தா அவன் கைக்குட்டையை இழுத்ததையும், மாசானம் எழுந்ததையும் சொன்னேன். உன் கைதான் அவன் முகத்தைத் திறந்தது என்றதும் அவள் தன் இடது கையைப் பார்த்தாள். நான் கை காட்டியதைச் சொன்னேன், இரண்டு தடவை என்பதையும். பதினொரு விநாடியைச் சொன்னேன். மற்ற இரண்டு வெட்டுகளையும், அம்மா என்ற அலறலையும், கைதட்டலையும் சொன்னேன். அவளுடைய அம்மா காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெசிந்தா அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவன் எந்திரிச்சதுலேருந்து திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன்.

"இன்னொரு தடவ."

மூன்றாவது தடவை சொல்லும்போது, நான் கை காட்டிய இடத்தில், அவள் உதடும் என்னோடு சேர்ந்து அசைந்தது.